புதுப்பிப்பு: பென்னாகரம் இடப்பெயர்வு ஆய்வேடு, அடுத்த கட்டம்

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும், தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக் குடும்பங்களைப் பற்றிய இளங்கலை ஆய்வேட்டுக்கு ஒரே ஊராட்சி, ஒரே கேள்வி, 60 வீடுகள் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். இனி வீடு தேர்வு.

600 வீடு இருந்தால் பத்துக்கு ஒன்று. முதல் பத்தில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அங்கிருந்து பத்துப் பத்தாக நகருங்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டில் கேட்டுவிடாதீர்கள். வெளியூர் போனவர்களின் வீடுதான் பெரும்பாலும் பூட்டியிருக்கும், ஆய்வுக்கு வேண்டியவர்களே அவர்கள்தான். பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ வரும்போது மறுபடி போங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் ‘பதில் இல்லை’ என்றே கணக்கில் காட்டுங்கள். மகனின் கூலியைப் பாட்டி சொன்னால், சொன்னவர் யார் என்பதற்குக் கேள்வித்தாளில் தனிக் கட்டம் அவசியம்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கவனம்: கிருஷ்ணகிரி 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. 2001 மாவட்ட எண்ணை 2011உடன் அப்படியே ஒப்பிட்டால் தருமபுரி மக்கள்தொகை பாதியானதுபோல் தெரியும். 2001இன் வட்டவாரி அட்டவணையை எடுத்து, கிருஷ்ணகிரிக்குப் போன பகுதிகளைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

தளி, ஓசூர் பக்கம் ஆய்வு செய்கிறவர்கள் கேள்வித்தாளைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஐந்து பேரிடம் வாய்விட்டுக் கேட்டுப் பார்த்த பிறகே அச்சடியுங்கள்.