ஹவானாவில் லோஸ் வான் வான் குழுவைக் கேட்ட அனுபவம்

ஆறு ஆண்டுகள் வகுப்புக்குச் சென்று, எட்டு வரை எண்ணி சால்சா ஆடப் பழகியிருந்த நான், கியூபத் தலைநகர் ஹவானாவின் மீராமார் பகுதியிலுள்ள காசா தெ லா மூசிகா அரங்கில் லோஸ் வான் வான் என்ற நடன இசைக்குழுவை நேரில் கேட்ட இரவில்தான், அந்த எண்ணிக்கைக்கு அடியில் வேறொரு தாளம் ஓடுவதை உணர்ந்தேன்.

1969இல் ஹுவான் ஃபொர்மெல் தொடங்கிய இக்குழுவை, 2014இல் அவர் மறைந்த பிறகு, டிரம்ஸ் வாசிக்கும் அவருடைய மகன் சாமுவேல் நடத்திவருகிறார். சரங்கா எனப்படும் பழைய கியூப நடன இசைக்குழு மரபின் புல்லாங்குழலோடும் வயலின்களோடும் டிராம்போன்களும் மின்கருவிகளும் சேர்ந்து ஒலிக்க, ஹுவானும் குழுவின் அந்நாள் டிரம்ஸ் கலைஞர் சாங்கிட்டோவும், ரும்பா என்னும் ஆப்பிரிக்க வழிவந்த கியூப முரசிசையின் கொட்டுகளை டிரம்ஸுக்குக் கொண்டுவந்து வளர்த்த 'சோங்கோ' தாளம் அரங்கையே அசைத்தது. என் கால்களோ தடுமாறின. அருகில் ஆடிக்கொண்டிருந்த அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்து, இரு விரல்களால், கியூப இசைக்கு அடித்தளமான கிளாவே தாளத்தின் ஐந்து தட்டுகளையும் தட்டிக் காட்டினார்: முதலில் மூன்று, பிறகு இரண்டு. மூன்றாவது தட்டு, வகுப்பில் நான் கற்றதைவிடச் சற்றுத் தாமதமாகவே விழுந்தது. அவர்தான் தவறவிடுகிறார் என்று அப்போது எண்ணிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நண்பகலில் கயெஹோன் தெ ஹாமெல் சந்தில் ரும்பா கேட்கச் சென்றபோது, மரக்குச்சிகள் இரண்டிலிருந்தும் அதே தாமதமான மூன்றாவது தட்டு எழுந்தது. எனக்குக் கற்பிக்கப்பட்டது, சால்சாவுக்கு வேரான சோன் என்னும் கியூப இசையின் கிளாவே. அம்மையார் தட்டியது ரும்பாவின் கிளாவே. அங்கேயே, கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்க யொருபா மக்களின் வழிபாட்டிலிருந்து வந்த பாட்டா முரசுகளையும் கேட்டேன். இரண்டு முகங்கள் கொண்டு மடியில் கிடத்தி வாசிக்கப்படும் அவை மூன்று. பெரியதற்கு 'இயா', அதாவது தாய் என்று பெயர். தாய் அழைக்க, நடு முரசான இதோதெலே மறுமொழி சொல்ல, சின்னஞ்சிறு ஒகோன்கோலோ விடாமல் காலத்தைக் காக்கிறது. அந்த அழைப்பும் மறுமொழியுமே வான் வான் குழுவின் முதன்மைப் பாடகருக்கும் கூட்டுக்குரலுக்கும் இடையிலும் நிகழ்ந்தன என்று எனக்குத் தோன்றியது.

1973இல் உருவான இராக்கெரே என்ற கியூப இசைக்குழு பாட்டாவை நடன மேடைக்கே கொண்டுவந்ததைப் படித்திருந்தும், காதால் கேட்கும்வரை அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. ஹவானாவுக்குச் செல்லவிருக்கும் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை ரும்பாவை முதலில் கேட்டுவிட்டு, பிறகு இரவு அரங்குக்குச் செல்லுங்கள். நான் வரிசையை மாற்றிச் சென்றதால், அந்த அம்மையாருக்கு நன்றி சொல்லும் வாய்ப்பை இழந்துவிட்டேன்.