து ஃபூ கவிதையின் கடைசி அடியில் தொனி இடிக்கிறது, உதவுங்கள்

கி.பி. 757-ல், கலகப்படையின் பிடியிலிருந்த சீனத் தலைநகர் சாங்ஆனில் தாங் காலக் கவிஞர் து ஃபூ எழுதிய 'வசந்தக் காட்சி'க்கு யாப்புப் பிரிக்கிறேன். லூஷி என்னும் கட்டுப்பாடான சீன யாப்பு வடிவம், 8 அடி, அடிக்கு 5 எழுத்து. இணையடிகளின் 2, 4-ஆம் இடங்களில் சமத்தொனியும் பிறழ்தொனியும் எதிரெதிராக நிற்க வேண்டும் (இன்றைய மாண்டரினில் 1, 2-ஆம் தொனிகள் சமம்; 3, 4-ஆம் தொனிகள் பிறழ்).

முதலில் மாண்டரின் உச்சரிப்பில் பார்த்தேன். பூவும் கண்ணீர் தெளிக்கிறது, பறவையும் நெஞ்சை அதிரவைக்கிறது என்று வரும் அந்த அற்புதமான 3, 4-ஆம் அடிகளே உதைத்தன. இரண்டாம் இடத்தில் 'ஷி', 'பியே' இரண்டுமே சமத்தொனி. அப்புறம், பழைய சீன ஒலிப்பின் இறுதி வல்லொற்றுகளைக் காக்கும் தென்சீன மொழியான கான்டனீஸின் அகராதியைப் பார்த்தால் 'பியே' அங்கே 'பிட்' என வல்லொற்றில் முடிகிறது; வல்லொற்றில் முடிபவை பழைய யாப்பில் பிறழ்தொனி. சரி, அது தீர்ந்தது.

கடைசி அடியில்தான் சிக்கல். நரைத்த தலைமுடி உதிர்ந்து கொண்டை ஊசியைக்கூடத் தாங்காது என்னும் இடம். நான்காம் எழுத்தான 'ஷெங்' சமத்தொனியாக வேண்டும். இன்றைய மாண்டரினில் அது நான்காம் தொனி. கான்டனீஸ் அகராதி இரண்டு ஒலிப்பு தருகிறது. எழுத்துகளைத் தொனிவாரியாகப் பட்டியலிடும் 1008-ஆம் ஆண்டின் குவாங்யுன் ஒலிநூலிலும் அது சமம், பிறழ் என இரு தொனிப் பகுதிகளில் இருக்கிறது.

'தாங்குதல்' என்ற பொருளில் வரும்போது தாங் காலக் கவிஞர்கள் அதைச் சமத்தொனியாகத்தான் கொண்டார்களா?