அயர்லாந்தின் 1937 அரசியலமைப்பில் கத்தோலிக்கத் திருச்சபை: நாம் எடுத்துக்கொண்டதும் விட்டுவிட்டதும்

கேள்வி: பொருநைக்கரை

நம் அரசியலமைப்பின் நான்காம் பகுதியிலுள்ள அரசு நெறிமுறையுறுத்தும் கோட்பாடுகள் அயர்லாந்திடமிருந்து பெறப்பட்டவை என்பது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த 1937ஆம் ஆண்டு ஆவணத்தை அண்மையில் முழுவதுமாகப் படித்தேன். அதன் முகவுரை மூவொரு கடவுளின் (தந்தை, மகன், தூய ஆவி) பெயரால் தொடங்குகிறது. மணமுறிவுக்கு வழிசெய்யும் சட்டம் எதையும் நாடாளுமன்றம் இயற்றக் கூடாதென்று 41ஆம் பிரிவு தடுத்திருந்தது. குடிமக்களில் மிகப் பெரும்பான்மையோர் பின்பற்றும் சமயத்தின் காவலராகக் கத்தோலிக்கத் திருச்சபைக்குச் 'சிறப்பு இடம்' உண்டென்று 44ஆம் பிரிவு அறிவித்திருந்தது. சிறப்பு இடம் 1972 பொதுவாக்கெடுப்பில் நீக்கப்பட்டது. முகவுரை இன்றும் மாறவில்லை. நம் அரசியல் நிர்ணய சபையிலோ, முகவுரையைக் கடவுளின் பெயரால் தொடங்கலாம் என்று 1949 அக்டோபரில் எச். வி. காமத் கொண்டுவந்த திருத்தத்துக்கு ஆதரவாக 41 வாக்குகளும் எதிராக 68 வாக்குகளும் விழுந்தன. அயர்லாந்தில் திருச்சபையின் அதிகாரம் இந்தச் சட்டப்பிரிவுகளால் வந்ததா, முன்பே இருந்த அதிகாரத்தைத்தான் அவை எழுதி வைத்தனவா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: செம்மண் நிலம்

இரண்டாவதுதான் என்பது என் உறுதியான கருத்து. 1937க்கு முன்பு அந்நாட்டுக்கு 1922ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஒன்று இருந்தது. அதன் 8ஆம் பிரிவு மனச்சான்றுச் சுதந்திரத்தை உறுதிசெய்ததோடு, எந்தச் சமயத்துக்கும் அரசு மானியம் அளிக்கக் கூடாது என்றும் விதித்தது. ஆனால் அந்த அரசியலமைப்பு நடப்பில் இருந்த காலத்தில்தான், 1925இல், நாடாளுமன்றத்தின் வழியாக மணமுறிவு பெறும் வாயில் அடைக்கப்பட்டது. 1929இல் நூல் தணிக்கைச் சட்டமும் வந்தது.

அதைவிடத் தெளிவான சான்று 1951இல் நடந்தது. தாய்மார்களுக்கும் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கும், வருமானம் பாராமல் இலவச மருத்துவம் தரும் திட்டத்தை நலவாழ்வு அமைச்சர் நோயல் பிரவுன் முன்வைத்தார். குடும்பத்தின் உரிமையில் அரசு தலையிடுகிறது என்று கத்தோலிக்க ஆயர்கள் (பிஷப்புகள்) எதிர்த்தார்கள். மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பும் அதனுடன் சேர்ந்துகொண்டது. ஆயர்கள் நீதிமன்றத்தை நாடவில்லை, 44ஆம் பிரிவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அவர்கள் கடிதம் எழுதினார்கள், அமைச்சரவை திட்டத்தைக் கைவிட்டது, பிரவுன் பதவி விலகினார்.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிட என் மனத்தை உறுத்துவது. நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைடு ஒரு புராட்டஸ்டண்டு. அவர் 1949இல் மறைந்தபோது இறுதி வழிபாடு டப்ளின் புனித பேட்ரிக் பேராலயத்தில் நடந்தது. பிற சபையின் வழிபாட்டில் கத்தோலிக்கர் பங்கேற்கத் தடை இருந்ததால், பிரதமரும் கத்தோலிக்க அமைச்சர்களும் உள்ளே செல்லாமல் வெளியே கார்களில் காத்திருந்தனர். நோயல் பிரவுன் மட்டும் உள்ளே சென்றார். சொந்த நாட்டின் தலைவருக்குக்கூட உள்ளே சென்று விடைகொடுக்க முடியாதபடி தடுத்தது அரசியலமைப்பின் எந்தப் பிரிவும் அன்று.

பதில்: அருள்வழி

செம்மண் நிலம் அவர்கள் கூறிய நிகழ்ச்சிகளை நான் மறுக்கவில்லை. அந்தச் செல்வாக்கு எவ்வாறு உருவானது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சித்திரம் நேராகும். பிரித்தானிய ஆட்சியில், சிறுபான்மையினரின் புராட்டஸ்டண்டுச் சபையான ஆங்கிலிக்கன் சபையே 1869ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அயர்லாந்தின் அரசுச் சபையாக இருந்தது. கத்தோலிக்க ஏழை உழவர்களும் அதற்கே பத்திலொரு பங்கு வரி செலுத்தினார்கள். கத்தோலிக்கரை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்கள் நடப்பில் இருந்த நாள்களில் கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதே குற்றமாக இருந்தது. தமக்கென்று ஓர் அரசு இல்லாத மக்களுக்குத் திருச்சபையே பொது நிறுவனமாகவும் அமைந்தது. ஆகவே விடுதலை வந்தபோது அதன் கையிலிருந்த பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் புதிய, வறிய அரசு அப்படியே ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

அதே 44ஆம் பிரிவு ஆங்கிலிக்கன், பிரெஸ்பிட்டேரியன், மெதடிஸ்டு, குவேக்கர் சபைகளையும் யூதச் சமூகத்தையும் பெயர் சொல்லி அங்கீகரித்தது. 1937ஆம் ஆண்டின் ஐரோப்பாவில் இது சிறிய காரியம் அன்று. நாம் எடுத்துக்கொண்ட பகுதியிலும் கிறித்தவச் சிந்தனை உண்டு: நீதிமன்றத்தால் நடைமுறைப்படுத்த இயலாத சமூகக் கொள்கைகளைக் கூறும் 45ஆம் பிரிவில், 1891, 1931 ஆகிய ஆண்டுகளில் திருத்தந்தையர் (போப்புகள்) சமூக நீதி பற்றித் திருச்சபைக்கு வெளியிட்ட சுற்றுமடல்களின் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் (ஏழை, ஆதரவற்ற சிறுவர்களைத் தங்கவைத்த விடுதிப் பள்ளிகள்) சிறுவர்கள் பட்ட கொடுமைகளை 2009இல் வெளியான விசாரணை அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. கன்னியர் மடங்கள் நடத்திய மக்தலேனா சலவைக் கூடங்களில் அடைபட்டு ஊதியமின்றி உழைத்த பெண்களிடம் அரசு 2013இல் மன்னிப்புக் கேட்டது. நானும் கத்தோலிக்கன் என்பதால் இவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. அரசு மேற்பார்வையைக் கைவிட்டதும், திருச்சபை கேள்வி கேட்பாரற்ற இடத்தில் இருந்ததும் இதற்குச் சமமான காரணங்கள்.

பதில்: லிஃபிக்கரைத் தமிழன்

டப்ளினில் பிள்ளை வளர்ப்பவன் என்ற முறையில் பள்ளிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 1995இல் மணமுறிவுத் தடை மிகச் சிறிய வாக்கு வேறுபாட்டில் நீங்கியது. 2015இல் ஒருபாலினத் திருமணமும் 2018இல் கருக்கலைப்பும் பொதுவாக்கெடுப்பில் ஏற்கப்பட்டன. 2022 கணக்கெடுப்பில் தம்மைக் கத்தோலிக்கர் என்று பதிந்தவர்கள் 69 விழுக்காட்டினர். இத்தனைக்குப் பிறகும் தொடக்கப் பள்ளிகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது கத்தோலிக்கப் புரவலரின் (பள்ளிக்குப் பொறுப்பான அமைப்பின், பெரும்பாலும் ஆயரின்) கீழ்தான் இயங்குகின்றன. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. பள்ளியின் சமயப் போக்கைப் பெரும்பாலும் ஆயரே முடிவு செய்கிறார்.

விண்ணப்பங்கள் மிகுந்த பள்ளிகள் திருமுழுக்குச் (ஞானஸ்நானச்) சான்றிதழ் உள்ளவர்களுக்கு முன்னுரிமை தரலாம் என்ற நிலை 2018ஆம் ஆண்டுச் சேர்க்கைச் சட்டம் வரும்வரை நீடித்தது. இங்கு வந்து குடியேறிய இந்துக் குடும்பங்கள் எத்தனையோ அந்தக் கவலையோடு பள்ளி தேடியதை நான் அறிவேன். இன்றும் முதல் நற்கருணை என்னும் கத்தோலிக்கச் சிறுவர் சடங்குக்கான ஆயத்தம் வகுப்பு நேரத்திலேயே நடக்கிறது. பெற்றோர் விலக்குக் கேட்டால் கிடைக்கும், ஆனால் பிள்ளை பெரும்பாலும் அதே அறையின் ஒரு மூலையில் வேறு புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்.

பொருநைக்கரை அவர்கள் 44ஆம் பிரிவோடு 42ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இலவசத் தொடக்கக் கல்விக்கு வழிசெய்யும் பொறுப்பை அது அரசிடம் தருகிறது; பள்ளியை அரசே நடத்த வேண்டும் என்று கூறவில்லை. 1972இல் சிறப்பு இடம் நீக்கப்பட்ட பிறகும் பள்ளி நிலமும் நிர்வாகமும் கைமாறாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடே அடிப்படை.