எம் 101 கேலக்ஸி கண்ணில் படவே மாட்டேன் என்கிறது, டெலஸ்கோப் கண்ணாடியைக் கழுவலாமா?

மலைக்காற்று:
6 அங்குலக் கண்ணாடி உள்ள டாப்ஸோனியன் டெலஸ்கோப், குவியத் தூரம் 1200 மி.மீ. இருப்பது தேன்கனிக்கோட்டை. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டர், மரீசி என்ற இரண்டு நட்சத்திரங்களையும் வைத்து முக்கோணம் போட்டு, எம் 101 இருக்க வேண்டிய இடத்தை 10 மி.மீ. ஐபீஸில் (கண்வைத்துப் பார்க்கும் லென்ஸ்) துழாவிவிட்டேன். ஒன்றுமே இல்லை. அதன் பிரகாச எண் 7.9 (எண் கூடக்கூட மங்கல்). அதைவிட மங்கலான, 8.8 உள்ள எம் 57 வளைய நெபுலா எளிதாகத் தெரிகிறதே! கண்ணாடியில் தூசி இருக்கிறது, அதுதான் காரணமா?

குவியாடி:
கண்ணாடியைத் தொடாதீர்கள். எம் 57 தெரிந்தால் அது நன்றாகவே இருக்கிறது. 7.9 என்பது மொத்த வெளிச்சத்தின் கணக்கு. எம் 101இல் அந்த வெளிச்சம் கிட்டத்தட்ட முழு நிலா அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. எம் 57 சின்னப் பொட்டு.

10 மி.மீ. என்றால் 120 மடங்கு. ஐபீஸில் தெரியும் வான வட்டம் அரை டிகிரிகூட வராது, கேலக்ஸியே அதை அடைத்துக்கொள்ளும். சுற்றிலும் கருமை தெரிந்தால்தானே நடுவில் மங்கல் இருப்பது புரியும்? 25 மி.மீ. போட்டு, குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். அசைகிற மங்கலைக் கண் சட்டென்று பிடிக்கும்.

வானோடி:
லைட் பொல்யூஷன் ஃபில்டர் வாங்கிப் போடுங்கள், வேலை முடிந்தது.

குவியாடி:
இதற்கு அது தண்டச் செலவு. எம் 57 போன்ற வாயு மேகங்கள் குறிப்பிட்ட சில நிறங்களில் ஒளிர்வதால் மற்றதை வெட்டிவிடலாம். கேலக்ஸியில் வருவது பெரும்பாலும் நட்சத்திர ஒளி, எல்லா நிறமும் கலந்தது. அதுவும் சேர்ந்தே வெட்டுப்படும்.

உண்மையான வில்லன் திசைதான். நம் பக்கத்திலிருந்து எம் 101 எப்போதும் வடக்கில்தான், உச்சத்திலும் அடிவானத்திலிருந்து 48 டிகிரி உயரம்தான். உங்களுக்கு வடக்கே ஓசூர், அதைத் தாண்டினால் பெங்களூரு. அந்த வெளிச்சத்துக்கு மேலேதான் தேடுகிறீர்கள். மே கடைசியில் இரவு 10 மணிவாக்கில் உச்சத்துக்கு வரும், நிலா இல்லாத நாளாகப் பாருங்கள்.

மலைக்காற்று:
கிடைத்தால் சுருள் கைகள் தெரியுமா?

குவியாடி:
6 அங்குலத்தில் ஆசைப்படாதீர்கள். 2.1 கோடி ஒளியாண்டு தொலைவு. 1781இல் அதைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வானியலாளர் மெஷைனுக்கே நட்சத்திரமில்லாத மங்கல் நெபுலாவாகத்தான் தெரிந்தது. முதலில் மரீசியிலிருந்து மூன்றரை டிகிரியில் உள்ள எம் 51 கேலக்ஸியைப் பிடியுங்கள். அதில் சுருளைக் கண்ட ராஸ் பிரபுவிடம் 1845இல் இருந்தது 72 அங்குல டெலஸ்கோப்!

மலைக்காற்று:
25 மி.மீ.யில் எம் 51 கிடைத்துவிட்டது, பெரிய பொட்டும் சின்னப் பொட்டும். எம் 101 இன்னும் இல்லை. அமாவாசைக்கு அஞ்செட்டி பக்கம் போகிறோம்.

குவியாடி:
சரி. கூட வருகிறவர்களிடம் போனை வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு தடவை வெளிச்சம் கண்ணில் பட்டால், கண் மறுபடி இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் போச்சு.