கையில கே சோடி இருந்தும் ஃபோல்ட் பண்ணிட்டன், பிழையோ?

காவல்கொட்டில்:
அண்ணையவை, ஒரு சந்தேகம். முத்தையன்கட்டுப் பக்கம் எங்கட வயல், பெரும்போகம் எண்டா இரவிரவா பண்டிக் காவல், சில நாள் யானையும் வரும். நித்திரை தூங்காமல் இருக்க முந்தி 304 எண்ட தாள் விளையாட்டுத்தான் விளையாடுவம், இப்ப போனைப் பாத்துப் பழகி போக்கர், டெக்ஸஸ் ஹோல்டெம், ஆளுக்கு ரெண்டு தாள் கையில, அஞ்சு தாள் நடுவில எல்லாருக்கும் பொது. காசுக்கில்ல, ஆளுக்கு 100 புளியங்கொட்டை, விடிய குறைய வச்சிருக்கிற ஆள்தான் எல்லாருக்கும் தேத்தண்ணி போடோணும்.

முந்தநாள் என்ர கையில ஸ்பேட் கே, ஸ்பேட் ஜே. நடுவில முதல் விழுந்தது ஹாட்ஸ் கே, ஹாட்ஸ் 8, கிளப் 4. பிறகு ஸ்பேட் 2, கடைசியா டயமண்ட் 9. மாமா முதல் ரெண்டு தரமும் கொட்டை வச்சார், நானும் அதேயளவு வச்சு கோல். கடைசித் தாள் விழேக்க நடுவில 80 கொட்டை கிடக்கு, மாமா அஞ்சஞ்சா எண்ணி 40 தள்ளுறார், வெத்திலை சப்பிக்கொண்டிருந்த வாய் அப்பிடியே நிண்டுட்டுது. எனக்குப் பயம் பிடிச்சு தாளைக் கீழ வச்சு ஃபோல்ட் பண்ணிட்டன். மனுசன் சிரிச்சுக்கொண்டு காட்டுறார், ஹாட்ஸ் ஏ, ஹாட்ஸ் 5. ஒரு சோடி கூட இல்ல! கே சோடி எண்டா நல்ல கைதானே, எப்ப கோல் பண்ணோணும் எப்ப விடோணும் எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

கணக்குப்புலி:
தம்பி, கை நல்லதோ எண்டு கேக்காத, அது 304ல துரும்பு கேக்கேக்க பாக்கிற பார்வை. இங்க முதல் பாக்க வேண்டியது விலை. 40 குடுத்தா 120 வரும், அப்ப நாலு தரத்தில ஒருக்கா வெண்டாலே முதலுக்கு மோசமில்ல. மூண்டு தரம் தோக்கலாம், அது பிழையான கோல் இல்ல.

இனி மாமாட்ட என்ன இருக்கலாம் எண்டு எண்ணு. உன்னை வெல்லுற கையள் (வெளியில மிச்சம் கே ரெண்டுதான்): ஏ-கே 8 விதம், கே-க்யூ 8 விதம், 8, 4, 2, 9 இதில ஏதும் மூண்டு சேந்திருந்தா ஒண்டொண்டுக்கும் 3 விதம் எண்டு 12. மொத்தம் 28. (ஏ சோடியையும் கே-8 மாதிரி ரெண்டு சோடியையும் விட்டுட்டன், சும்மா ஒரு கணக்குக்கு.) 28 க்கு நாலில ஒண்டு வரோணும் எண்டா பேய்க்காட்டுற கை 10 ஆவது இருக்கோணும். ஹாட்ஸ் ரெண்டு வச்சு ஃப்ளஷ், அதாவது அஞ்சும் ஹாட்ஸ், வரும் வரும் எண்டு பாத்து வராமல் போன கையள் பார், ஏ ஓட க்யூ, ஜே, 10, 7, 6, 5, 3 எண்டு 7, க்யூ-ஜே, க்யூ-10, ஜே-10, 7-6, 6-5 எண்டு இன்னும் 5. 12 வருது. அப்ப கோல்.

வடிவான இடம் இனித்தான். உன்ர ஜே ஸ்பேட்டாய் இல்லாமல் ஹாட்ஸாய் இருந்திருந்தா அந்தப் 12 இல ஜே வாறது மூண்டும் மாமாட்ட இருக்கேலாது, 9 தான் மிச்சம், அப்ப விடுறதுதான் சரி. அதே கே சோடி, அதே 40 கொட்டை, ஒரு தாளின்ர நிறம் மாறினவுடன கதை மாறுது. எனக்கு இது விளங்கவே ரெண்டு வருசம் போச்சு.

வவுனியாக்காரன்:
கணக்கு சரி அண்ணை, ஆனா மாமா அந்தப் 12 கையோடயும் மூண்டு தரமும் வைப்பாரோ எண்டதுதான் கேள்வி. எங்கட பெரியாக்கள் கனபேர் ரெண்டு தரம் வச்சுட்டு மூண்டாந்தரம் கை கூசி நிப்பாட்டிப்போடுவினம். அப்பிடியான ஆள் கடைசித் தாளுக்கும் வச்சா கையில சாமான் இருக்கு, நீ 12 எண்டு எண்ணுறது அங்க 2 கூட வராது, பேசாமல் விடு. 304ல விழுந்த தாளை எண்ணலாம், இதில ஆளைத்தான் எண்ணோணும்.

அதோட தம்பி, அவர் ஏன் தாளைத் திறந்து காட்டினவர்? காட்டத் தேவையில்லையே. அடுத்த தரம் நீ கோவத்தில கோல் பண்ணுவாய் எண்டுதான். வெத்திலையை நம்பாத, 304 மேசையில நாப்பது வருசம் இருந்த மனுசன் வாயை எப்ப நிப்பாட்டோணும் எண்டு தெரியாமலோ இருக்கப்போறார்.

காவல்கொட்டில்:
வவுனியா அண்ணை சொன்னது அப்பிடியே நடந்துட்டுது, அடுத்த இரவே 10 சோடியோட கோல் பண்ணினன், மாமாட்ட மூண்டு 6. தேத்தண்ணி நான்தான் போட்டது, மழை ஈரத்தில விறகு பத்துதும் இல்ல. அதுக்குப் பிறகு பழைய கொப்பி ஒண்டில எழுதிக்கொண்டு வாறன். கடைசித் தாளுக்கு மாமா வச்சு நாங்கள் தாள் பாத்தது எட்டுத் தரம், பேய்க்காட்டினது ரெண்டு. வாய் நிண்டது எட்டிலயும்! நாலில ஒண்டு வருது, இப்ப கோலோ ஃபோல்டோ?

கணக்குப்புலி:
எட்டு காணாது, ஒரு போகம் முழுக்க எழுது. அதுவரைக்கும் நடுவில கிடக்கிறதில பாதி வச்சா ரெண்டும் ஒண்டுதான், உன்ர கையில ஹாட்ஸ் இல்லாட்டி கோல் பண்ணு. 80 க்கு 20 தான் வச்சா ஆறில ஒருக்கா வெண்டா காணும், கண்ணை மூடிக்கொண்டு கோல். 80 க்கு 80 எண்டா மூண்டில ஒருக்கா வெல்லோணும், தாளைக் கீழ வை. அந்தக் கொப்பியை மாமாவின்ர கண்ணில படாமல் வச்சிரு.