ஹிக்கிகோமோரி: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

ஹிக்கிகோமோரிக்கு 'துறவி' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள்.

துறவி எதையெதையோ விட்டவர். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் ஜப்பானின் ஹிக்கிகோமோரி விட்டது மனிதர்களை மட்டும்தான். அம்மா சமைத்த சோறு அறைக்கதவுக்கு வெளியே தட்டில் வந்துவிடும். கணினி உள்ளேயே இருக்கும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் இப்படி இருந்தால்தான் அங்கே அந்தப் பெயர். 2023 மார்ச்சில் அந்நாட்டு அமைச்சரவை அலுவலகம் சொன்ன மதிப்பீடு: 15 முதல் 64 வயதுக்குள் சுமார் 14.6 லட்சம் பேர். அத்தனை பேரையும் துறவி என்றால் காவி கட்டியவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

'வடக்கிருந்தோர்' என்றீர்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கு நோக்கி உண்ணாதிருந்து உயிர்விட அல்லவா உட்கார்ந்தான்? அதிலும், நண்பர் பிசிராந்தையாருக்குப் பக்கத்தில் இடம் விடச் சொன்னவன் அவன்!

ஜப்பானியச் சொல்லைப் பிரித்தால் 'ஹிக்கு' பின்வாங்கல், 'கொமொரு' உள்ளே அடைந்திருத்தல். கோயிலில் தங்கி நோன்பிருப்பதையும் 'கொமொரு' என்பார்கள். "வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கான்" என்று நாமும் சொல்கிறோமே என்று 'அறையடைவு' எழுதிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்காரர்களுக்கு அடைவு என்றால் மாணவர் தேர்ச்சி; இலங்கையில் அது நகையை ஈடு வைப்பது. கைவிட்டேன்.

இப்போது என் மனம் 'ஒடுங்கல்' மேல். "ஊக்கமுடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து" (குறள் 486). சண்டைக்கடா முட்டுமுன் பின்னே நகருமே, அதுபோல் தானாக எடுக்கும் பின்வாங்கல். ஆனால் 'ஒடுக்கம்' என்றே வைத்தால் ஒடுக்கப்பட்டோர் நினைவு வரும். ஒடுங்குவதற்கும் ஒடுக்குவதற்கும் அது பொது. 'ஒடுங்கல்' தன்வினையில் மட்டும் நிற்கிறது. துறவி என்பது பொருந்துவது வேறு ஆட்களுக்கு: இடைக்கால இங்கிலாந்தில் நாரிச் ஜூலியன் போன்ற கிறித்தவத் துறவிகள் தேவாலயச் சுவரை ஒட்டிய அறையில் சடங்கோடு அடைக்கப்பட்டு வாழ்ந்தார்கள். அவர்களுக்கு 'அடைப்புத் துறவி' சரி, ஹிக்கிகோமோரிக்கு ஆகாது.

முன்னால் எதைச் சேர்ப்பது? 'இல்லொடுங்கல்' என்றால் இல் வீடா, இல்லாமையா என்று குழப்பும். 'அறை'யும் வேண்டாம், பக்கத்துக் கடைக்கு மட்டும் போய்வருபவரையும் அந்த அமைச்சரவை அலுவலக ஆய்வு சேர்த்துத்தான் எண்ணுகிறது. ஆகவே வீட்டொடுங்கல்.

ஜப்பானியத்தில் நிலைக்கும் ஆளுக்கும் ஒரே சொல். நமக்கு இரண்டு வேண்டும். 'வீட்டொடுங்கி' சுருக்கம்தான், ஆனால் தொட்டாற்சுருங்கி மாதிரி செடிப் பெயராக ஒலிக்கிறது. '8050 சிக்கல்' என்று அங்கே ஒரு வழக்கு உண்டு: எண்பது வயதுப் பெற்றோரை அண்டி வாழும் ஐம்பது வயதுப் பிள்ளை. அந்த வயதுக்காரரை 'ஒடுங்கி' என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. வீட்டொடுங்கியவர் என்றே இருக்கட்டும்.

- - -

தம்பி, ஒடுங்கலுக்கு நான் உடன்பாடு. முன்னால் உள்ள 'வீட்டொ' மட்டும் நாக்கில் இடிக்கிறது. 'மனையொடுங்கல்' என்று சொல்லிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும்.

- - -

சொல்லிப் பார்த்தேன் ஐயா, இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் மனை என்றதும் இன்றைக்கு ஜனங்களுக்குத் தோன்றுவது எல்லைக்கல் நட்ட பிளாட். அதில் போய் யார் ஒடுங்குவது?