மடுவத்துக்குப் போகாமல் எழுதிய தேவைப் பட்டியல்

ஹட்டன் பக்கத்திலிருந்து:

இங்கே இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து நிறுவையைப் போனில் பதியும் மென்பொருள் செய்தோம். தோட்ட ஆபிசில் இரண்டு நாள் உட்கார்ந்து, அது என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைகளைக் கேட்டு எழுதினேன்: செக்ரோல் இலக்கம் (தொழிலாளியின் பதிவு எண்), நேரம், கிலோ. துரையும் (தோட்ட மேனேஜர்) கிளாக்கரும் வாசித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

அப்புறம் ஒரு மழை நாள் பின்னேரம், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் போய் நின்றேன். ஒரு அக்காவுக்கு அன்றைய மூன்று நிறுவையும் சேர்த்துத் தராசு காட்டியது 22 கிலோ. சாக்குக்கு 3, தண்ணிக்கு 2 வெட்டி, கணக்கப்பிள்ளை 17 என்று எழுதினார். என் பட்டியலில் இந்த வெட்டு எங்கேயுமே இல்லை. ஆபிசில் யாரும் மறைக்கவில்லை. தினமும் நடப்பது என்பதால் சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த அக்கா கேட்டார்: "தம்பி, எத்தன கிலோ வெட்டுறாங்கன்னு இந்தப் போன்ல தெரியுமா?"

அன்றைக்கு எடுக்க வேண்டியது 18 கிலோ என்றால், குறைகிற அந்த ஒரு கிலோவில் முழுப் பேர் (முழு நாள் கணக்கு) அரைப் பேராகிவிடும். அவருக்கு அது பாதி நாள் சம்பளம். ராத்திரி தூக்கம் வரவில்லை.

"எடை சரியாகப் பதிய வேண்டும்" என்ற வரியை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "ஒவ்வொரு நிறுவையிலும் தராசு எடை, சாக்கு, தண்ணி, மீதி நான்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். வெட்டியதற்குக் காரணம் போடாமல் சேமிக்க விடக்கூடாது. தொழிலாளி அதைத் தமிழில் பார்க்க முடிய வேண்டும்." பக்கத்திலேயே 22, 3, 2, 17 என்ற கணக்கையும் எழுதி வைத்தேன். சோதித்தவர்கள் அதை வைத்தே சரிபார்த்தார்கள்.

பண்டாரவளையிலிருந்து:

எங்களுக்கு ஒரு கிளினிக் பதிவில் இப்படி நடந்தது. "அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கம், கட்டாயம்" என்று எழுதிவிட்டோம். 2016க்கு முந்திய அட்டைகளில் 9 இலக்கமும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் எழுத்தும்தான் இருக்கும். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) பஸ் பிடித்து வந்த வயசான அம்மாவைப் பதிய முடியாமல் திருப்பி அனுப்பினார்கள். இப்போதெல்லாம் எதை எழுதுமுன்னும் பழைய பதிவுப் புத்தகத்தை வாங்கி, பத்துப் பக்கமாவது புரட்டிவிடுகிறேன். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தலவாக்கலையிலிருந்து:

ஹட்டன் தம்பி, சிக்னலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "இணையம் இல்லாவிட்டாலும் இயங்க வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதாது. மூன்று நிறுவையும் போனிலேயே இருந்து, பெக்டரிக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் அனுப்பப்பட வேண்டும் என்று எழுதுங்கள். நடுவில் சார்ஜ் இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கப்பிள்ளையிடமே கேளுங்கள்.